அவனைக் கேட்டீர்களா?

(சிறப்புப் பிள்ளைகளின் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



என் மகனுக்கு 26 வயது. அறிவுசார் குறைபாடு உள்ளவன். தினமும் பால் வாங்கி வருவான், மீதிக் காசைச் சரியாகக் கொடுப்பான். நூறு ரூபாயைத் தாண்டினால் கணக்குத் தடுமாறும். அவன் பெயரில் கணக்குத் தொடங்க ஒரு வங்கிக்குப் போனேன். "அவர் சார்பில் கையெழுத்துப் போட நீங்க யார் சார்?" என்றார் அங்கிருந்தவர். பெற்ற அப்பா என்றேன். "பதினெட்டு முடிஞ்சிடுச்சே" என்றார்.

கொதித்துப் போனேன். ஆனால் சட்டம் அதைத்தான் சொல்கிறது. 18 முடிந்தால் பெற்றவர் கையெழுத்துக்குத் தானாக மதிப்புக் கிடையாது. 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம் சிறாருக்கானது. இந்தப் பள்ளத்தை மூடத்தான் 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் அது பொருந்தும். மாவட்ட ஆட்சியர், பதிவு பெற்ற அமைப்பின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் என மூவர் குழுவிடம் மனுக் கொடுத்தால் பாதுகாவலரை நியமிப்பார்கள். இதற்காக நீதிமன்றப் படி ஏற வேண்டியதில்லை.

நல்ல சட்டம். நாம் அதை என்ன செய்தோம்? பாதுகாவலர் சான்றிதழை வாங்கி, நிலத்துப் பட்டாவைப் போல பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டோம்! பிள்ளைமேல் யாருக்கய்யா பட்டா?

அன்று வங்கியில் அந்த ஊழியர் என் மகனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பக்கத்து நாற்காலியில்தான் அவன் உட்கார்ந்திருந்தான்.

அவனைக் கேட்க வேண்டுமா என்பதற்கு இந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் 2009-இலேயே பதில் சொல்லிவிட்டது. சண்டிகரில் அரசு இல்லத்தில் இருந்த, அறிவுசார் குறைபாடுள்ள ஆதரவற்ற இளம்பெண் பாலியல் வன்கொடுமையால் கர்ப்பமானாள். கருவைக் கலைக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அவளோ குழந்தை வேண்டும் என்றாள். அவள் சம்மதமில்லாமல் கலைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தடுத்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதற்கும் மேலே போய், பாதுகாவலர் மாற்றுத்திறனாளியைக் கலந்துகொண்டு, அவர் விருப்பப்படி, குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் செயல்பட வேண்டும் என்கிறது. பழைய 1999 சட்டமோ உடலையும் உடைமையையும் சேர்த்து ஒருவர் கையில் கொடுக்க வழி வைத்திருக்கிறது. இரண்டு சட்டமும் இரண்டு பக்கம் இழுக்க, நடுவில் நிற்பவன் நம் பிள்ளை. 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்துங்கள் என்று இந்த மேடையிலிருந்து கேட்கிறோம்.

அதுவரை பழைய சட்டத்தில் இருப்பதையாவது நடைமுறைப்படுத்துங்கள். பாதுகாவலர் தேவையா, எதற்குத் தேவை என்று குழு பார்க்க வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. பாதுகாவலர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் தர வேண்டும். நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்குத் தர வேண்டும். தந்தவர்கள் கை தூக்குங்கள். பாதுகாவலர் ஆன முதல் இரண்டு ஆண்டு நானும் தரவில்லை. அது தவறு. நாம் போன பிறகு நம் இடத்துக்கு வருகிறவர் கணக்குக் காட்டாவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

"கேட்டால் அவனுக்குச் சொல்லவா தெரியும்?" என்கிறீர்கள். எங்களுக்குப் பிறகு என் அண்ணன் மகன் பார்த்துக்கொள்வான் என்று நாங்கள் முடிவு செய்திருந்தோம். படித்தவன், வசதியுள்ளவன். ஒரு நாள் சொந்தக்காரர்களின் படங்களைப் பாயில் பரப்பி, "யார்கூட இருப்பே?" என்று மகனைக் கேட்டோம். அவன் என் தங்கையின் படத்தை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். அன்று இரவு சட்டையைக் கழற்ற மறுத்துவிட்டான். இதைவிடத் தெளிவாக யார் சொல்வது?

பேசாத பிள்ளைகள் உண்டு, தெரியும். யாரைக் கண்டால் முகம் மலர்கிறது, யார் தொட்டால் உடல் விறைக்கிறது என்று பெற்றவளுக்குத் தெரியாதா? அதையும் மனுவில் எழுதுங்கள்.

வாசல் மேசையில் மனுப் படிவம் இருக்கிறது. வீட்டுக்கு ஒன்று எடுத்துப் போங்கள். நிரப்பும்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகும்போது பிள்ளையையும் அழைத்துப் போங்கள். "அவரைக் கேளுங்கள்" என்று குழுவிடம் சொல்லுங்கள்.