குப்பையும் தலைக்கணக்கும்



இன்று பட்டம் பெறும் இளைஞர்களே, உங்களுள் பலர் நாளை கணக்குகளையும் அறிக்கைகளையும் தயாரிக்கும் பொறுப்புக்களை ஏற்கப் போகிறவர்கள் ஆதலால், ஒரு கணக்கை எவ்வாறு வாசிக்க வேண்டும் என்னும் விஷயத்தை, மங்கலமான இப்பட்டமளிப்பு விழாவிலே குப்பையைத் திருஷ்டாந்தமாகக் கொண்டு சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன்.

அமெரிக்க ஐக்கிய நாடுகள், ஜெர்மனி ஆகிய இரு தேசங்களும் ஐக்கிய நாட்டு சபைக்கு ஆண்டுதோறும் அளித்துவந்த கணக்கில், கழிவு என்னும் தலைப்பின்கீழ் வரும் பசுமைக்குடில் வாயுக்களை ஜனத்தொகையால் வகுத்தால், அமெரிக்கர் ஒருவருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய அரை டன்னும், ஜெர்மானியர் ஒருவருக்கு நூறு கிலோ அல்லது அதற்கும் குறைவாகவும் வருகிறது. அமெரிக்கர் ஐந்து மடங்கு குப்பை போடுகிறார் என்று அவசரத்தில் முடிவு கட்டிவிடத் தோன்றும். ஆனால் 2018ஆம் ஆண்டில் அமெரிக்கர் ஒருவரின் நாள் குப்பை சுமார் 2.2 கிலோ என்றால், ஜெர்மானியரின் குப்பையும் ஒன்றரைக் கிலோவுக்கு மேற்பட்டதே.

அப்படியானால் பேதம் எங்கே பிறக்கிறது? அமெரிக்க நகரக் குப்பையில் பாதியளவு மண்ணிலே புதைக்கப்படுகிறது. அவ்வாறு புதைவனவற்றுள் பிரதானமானது உணவு. காற்றுப்புகாத ஆழத்திலே அழுகும் உணவிலிருந்து நுண்ணுயிர்கள் உண்டாக்கும் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் சுமார் 28 மடங்கும், இருபதாண்டுக் கணக்கில் 80 மடங்குக்கு மேலும் பூமியைச் சூடாக்க வல்லது. ஜெர்மனியோ, பக்குவப்படுத்தாத வீட்டுக் குப்பையைப் புதைக்கலாகாது என்னும் விதியை 1993இலேயே வகுத்து, எரியுலைகளையும் பக்குவசாலைகளையும் கட்டிக்கொள்ள நகரசபைகளுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் அவகாசம் தந்து, 2005 ஜூன் 1 முதல் அதைத் தளர்த்தாமல் அமல் நடத்தியது. 1990இல் சுமார் நான்கு கோடி டன்னாக இருந்த அத்தேசத்தின் கழிவு வாயுக்கள், 2020க்குள் நாலில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கின. பழங்குப்பை பல தசாப்தங்கள் வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும் என்பதை நினைத்தால், அந்த நீண்ட அவகாசத்தின் மத்தியிலும் மனம் தளராமல் நின்ற நிர்வாகத்தை நான் உள்ளன்போடு பாராட்டுகிறேன்.

எனினும் கணக்கின் சூட்சுமம் இனிமேல்தான் இருக்கிறது. குப்பையை எரித்து மின்சாரமோ வெப்பமோ எடுத்தால், அதிலுள்ள பிளாஸ்டிக் எரிந்து வெளிவரும் கரியமில வாயு, சர்வதேச விதிப்படி, கழிவுத் தலைப்பில் சேராமல் எரிசக்தித் தலைப்பில் சேர்கிறது; ஆகவே ஜெர்மனியின் அந்தச் சிறிய எண், உண்மையில் உள்ளதைவிட நிர்மலமாகத் தோற்றமளிக்கிறது. அதையும் கூட்டினால் இரு தேசங்களுக்கும் உள்ள இடைவெளி கணிசமாகச் சுருங்கும். அமெரிக்கப் பக்கத்தின் குறையோ அந்த இடைவெளியை விரிக்கும் திசையில் உள்ளது: புதைகுழிகளின் வாயு பெரும்பாலும் சூத்திரங்களைக் கொண்டு கணிக்கப்படுவதேயன்றி நேரில் அளக்கப்படுவதில்லை; விமானங்களிலிருந்து அளந்து 2024இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, அறிக்கைகளில் கண்டதைவிட அதிகமான மீத்தேன் வெளிவருவதைக் காட்டிற்று. அதே சமயம், பெரிய புதைகுழிகள் வாயுவைக் குழாய்வழி சேகரிக்க வேண்டுமென்று 1996இலேயே அமெரிக்கா விதி வகுத்ததையும், அதன் பயனாக அங்கும் 1990ஐ விடப் புதைகுழி வாயு குறைந்திருப்பதையும் மறைப்பது நியாயமாகாது.

ஆதலின், தலைக்கு இவ்வளவு என்னும் எண் உங்கள் மேஜைக்கு வரும்போது, வகுத்தவர் எதைச் சேர்த்தார், எதை வேறு தலைப்புக்குத் தள்ளினார், அளந்தாரா அல்லது கணித்தாரா என்று விசாரியுங்கள். அந்த எண்ணுக்குப் பின்னே ஜனங்களின் சுபாவத்தைத் தேடுவதற்கு முன், சட்டம் எந்த ஆண்டில் பிறந்தது என்று தேடுங்கள்.

2030க்குள் மீத்தேனை, 2020இல் இருந்த அளவிலிருந்து முப்பது சதவீதம் குறைப்பதென்று 2021இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் ஏற்பட்ட உறுதிமொழியில் இரு தேசங்களும் அப்போது சேர்ந்தன. இவ்வாயு ஆகாயத்தில் தங்குவது சராசரியாகப் பன்னிரண்டு ஆண்டுகளே ஆதலால், இன்று புதைக்காமல் காத்த உணவின் பலனை, இன்று உத்தியோகம் ஏற்கும் நீங்கள் நடுவயதை எட்டுமுன்னரே அளவுக்கருவிகளில் காண்பீர்கள்.