விமானத்துறைக் கல்வி: எதைக் கேட்டுச் சேர்வது?

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



புட்பக விமானம் நினைத்த மாத்திரத்தில் நினைத்த இடத்தை அடைந்ததென்று இராமாயணம் கேட்ட நாம் அறிவோம். இக்காலத்து விமானமோ நினைவினாற் பறப்பதன்று. ஒருவர் செலுத்த, ஒருவர் பழுதறப் பேண, ஒருவர் நிலத்திலிருந்து வழிகாட்ட, அது பறக்கின்றது. 1947 டிசெம்பரில் ஏயர் சிலோனின் டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னை சென்ற நாள் முதல் வடபகுதிப் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்து வருகின்றார்கள். 2019 ஒக்ரோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டபின் அவ்வாசை இன்னும் வளர்ந்திருக்கின்றது.

"எந்தக் கல்லூரியிற் சேரலாம்?" என்று பலர் என்னைக் கேட்கிறார்கள். "எந்த வேலைக்கு?" என்பதே முதற் கேள்வியாக இருத்தல் வேண்டும்.

இத்துறையிற் பட்டம் வேறு, அநுமதிப்பத்திரம் வேறு. கொத்தலாவலை பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் விமானப் பொறியியல் பட்டம் கற்பிக்கப்படுகின்றது. அது வடிவமைப்புக்கும் ஆராய்ச்சிக்கும் வழிவகுக்கும் கல்வி. ஆனால் திருத்திய விமானம் பறக்கத் தக்கதென்று கையொப்பமிடுவதற்குப் பட்டம் மட்டும் போதாது. பராமரிப்புப் பொறியியலாளர் அநுமதிப்பத்திரம் வேண்டும். அதில் இயந்திரமும் உடற்பகுதியும் ஒரு பிரிவு. மின்னணுக் கருவிகள் மற்றொரு பிரிவு. பரீட்சைகளில் தேறினாலும், பணிமனையில் ஆண்டுக்கணக்கான அநுபவம் பெற்ற பின்பே அது கைக்கு வரும்.

விமானியாக விரும்புவோர் மணிக்கணக்கை அறிதல் வேண்டும். சர்வதேச விதிப்படி தனியார் விமானிக்குக் குறைந்தது 40 மணி நேரப் பறப்பு. வர்த்தக விமானிக்கு 200 மணி, அங்கீகரித்த தொடர்பயிற்சியாயின் 150 மணி. பெரிய விமானத்தின் தலைமை விமானியாவதற்குரிய அநுமதிப்பத்திரத்துக்கு 1500 மணி வேண்டும். ஆகவே கல்லூரியை விட்டு வெளிவருவது பயணத்தின் தொடக்கமே.

வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளராவோர்க்கு இரத்மலானையிற் பயிற்சி நிலையம் உண்டு. அவர்க்கும், சர்வதேச வழிகளிற் பறக்கும் விமானிக்கும், ஆங்கிலப் பேச்சில் ஆறு படிகளுள் நான்காம் படியேனும் வேண்டும்.

இனி, என் மனத்தை வருத்திய ஒன்றைச் சொல்லுகிறேன். எனக்குத் தெரிந்த தகப்பனார் ஒருவர் காணியை ஈடுவைத்து மகனை ஒரு தனியார் நிலையத்திற் சேர்த்தார். பிள்ளை இரண்டாண்டு ஊக்கமாகப் படித்துச் சான்றிதழும் பெற்றான். அப்பாடநெறிக்கு அதிகாரசபையின் அங்கீகாரம் இல்லாமையால் அச்சான்றிதழ் அநுமதிப்பத்திரத்துக்கு உதவவில்லை. பிள்ளையிற் பிழையில்லை, கேட்க வேண்டியதை நாம் ஒருவரும் கேட்கவில்லை. அவருக்கு அருகிலிருந்த நானுங் கேட்கவில்லை. இன்று இங்கே நின்று பேசுவதற்கு அதுவே காரணம்.

ஆதலால், பெற்றோரே, பணங்கட்டுமுன் நான்கு காரியஞ் செய்யுங்கள். முதலாவது, விமானியாக விரும்பும் பிள்ளைக்கு முதலாம் வகுப்பு வைத்தியப் பரிசோதனையை முடியுங்கள். நிறங்களைப் பிரித்தறியுங் கண் இல்லையென்பதைக் கட்டணங் கட்டியபின் அறிவதிற் பயனில்லை. இரண்டாவது, நிலையத்தாரின் வாய்ச்சொல்லை நம்பாது, அங்கீகாரம் எப்பாடநெறிக்கு, எத்திகதி வரை உண்டு என்பதைச் சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையிடமே கேளுங்கள். மூன்றாவது, பறக்கும் நிலையில் எத்தனை விமானங்கள், எத்தனை மாணவர் என்று நேரிற் சென்று எண்ணுங்கள். விமானங் குறைந்தால் மணிகள் சேரா, மாதங்கள் ஆண்டுகளாகும். நான்காவது, முழுத் தொகையையும் ஒருமிக்கக் கொடாது பகுதி பகுதியாகக் கொடுங்கள்.

இளைஞர்களே, நீங்கள் உயர்தரத்தில் இணைந்த கணிதத்தையும் பௌதிகவியலையும் ஆழக் கற்றுக்கொள்ளுங்கள். விமானியாதல் கூடாவிடினும் பணிமனையும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் உங்களுக்காக இருக்கின்றன. முடுக்காணியொன்றைச் சரியாக முடுக்குபவனும் நூறு உயிரைக் காப்பவனே.

உங்கள் முயற்சி கைகூட எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.