துப்புரவும் ஒரு திருப்பணியே

(அறவாரிய ஆண்டுக் கூட்டத்தில், பாரிட் புந்தாரில் ஆற்றப்பட்ட உரை)



பொங்கலுக்கு முன் செய்கின்ற துப்புரவைப் பற்றி நாலு வார்த்தை பேசவேண்டும் என்று பொறுப்பாளர்கள் கேட்டுக்கொண்டார்கள். நம் தாய்மார்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டுமா? மார்கழி கடைசியில் ஒட்டடை அடிப்பார்கள். பாய் தலையணையை வெயிலில் போடுவார்கள். பூசை அறைப் பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைப்பார்கள். ஆகவே வீட்டுக்குள் செய்யும் சுத்தத்தைப் பற்றி நான் பேசப் போவதில்லை. நம் வாசற்படியைத் தாண்டி, பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவில் கிடக்கின்ற இடத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். அந்த இடம் யாருடையது? அதை யார் கூட்டுவது? இதுதான் கேள்வி.

நம் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். "பாரிட்" என்ற மலாய்ச் சொல்லுக்கு வாய்க்கால் என்று பொருள். வாய்க்காலைப் பெயரிலேயே சுமந்துகொண்டிருக்கும் ஊர் இது. கிரியான் வட்டாரமே வாய்க்கால்களால் வாழ்கின்ற பூமி. புக்கிட் மேரா நீர்த்தேக்கத்தோடு 1906ஆம் ஆண்டில் நிறைவு பெற்ற கிரியான் நீர்ப்பாசனத் திட்டம்தான் மலாயாவின் முதல் பெரிய நீர்ப்பாசனத் திட்டம். அந்தத் தண்ணீர்தான் இங்கே நெல்லாக விளைந்தது. வாய்க்காலின் தருமம் ஒன்று உண்டு. மேலே இருப்பவன் அடைத்தால் கீழே இருப்பவன் வாடுவான். கீழே இருப்பவன் அடைத்தாலோ மேலே இருப்பவன் வீட்டுக்குள் வெள்ளம் புகும். வேலி போட்டுத் தண்ணீரைப் பிரிக்க முடியாது.

ஊரை ஒட்டி ஓடும் கிரியான் ஆற்றைப் பாருங்கள். இந்தக் கரை பேராக். அக்கரையில் பண்டார் பஹாரு, அது கெடா. சற்றுத் தள்ளி நிபோங் திபால்; அது பினாங்கு. மூன்று மாநிலங்கள் இங்கே கைகோத்து நிற்கின்றன. ஆனால் குப்பை விஷயத்தில் மூன்றுக்கும் ஒரே விதி இருந்ததில்லை. திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டு 2011இல் நடப்புக்கு வந்தபோது கெடா அதில் சேர்ந்தது. பேராக்கும் பினாங்கும் சேரவில்லை. வீட்டிலேயே குப்பையைப் பிரித்து வைக்கவேண்டும் என்ற விதி கெடாவில் 2015 செப்டம்பரிலும் பினாங்கில் 2016 ஜூனிலும் வந்தது. சட்டம் மாநில எல்லையில் நின்றுவிடுகிறது. ஆற்றில் விழுந்த பிளாஸ்டிக் பை நிற்பதில்லை. எந்த மாநிலத்துக்காரன் போட்டது என்று அதன்மேல் எழுதியிருக்கவும் இல்லை. அது கடலுக்குப் போகிறது. அங்கே மீன்பிடிப்பவரின் வலையில் சிக்குகிறது. அவரும் நமக்கு அண்டை வீட்டுக்காரர்தான்.

இந்த உண்மையை நம் முன்னோர்கள் தோட்டத்தில் வாழ்ந்து அறிந்தவர்கள். கிரியான் பகுதிக்குக் கரும்புத் தோட்டத்துக் கூலிகளாக வந்தவர்களும், பின்னர் ரப்பர்த் தோட்டங்களில் பால் மரம் வெட்டியவர்களும் லயத்து வீடுகளில் இருந்தார்கள். வரிசையாகப் பத்து வீடு. பத்து வீட்டுக்கும் ஒரே கால்வாய். முதல் வீட்டில் கழுவிய தண்ணீர் கடைசி வீட்டு வாசலைத் தொட்டுக்கொண்டுதான் போகும். நடுவில் ஒருவர் அடைத்தால் பத்து வீட்டுக்கும் நாற்றம். அதனால் கால்வாய் எல்லாருடையதாக இருந்தது.

இன்று நாம் தாமான்களுக்கு வந்துவிட்டோம். சொந்த வீடு, சுற்றுச்சுவர், பூட்டிய இரும்புக் கதவு. நல்ல முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் லயத்தை விட்டு வந்தபோது அந்த ஒரு பழக்கத்தையும் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டோமோ என்று தோன்றுகிறது. சுவருக்கு உள்ளே மார்பிள் தரை பளபளக்கிறது. சுவருக்கு வெளியே லோங்காங்கில் குப்பை மிதக்கிறது. கேட்டால், "அது மாவட்ட மன்றத்தின் வேலை" என்கிறோம். அவர்கள் வேலைதான். அவர்கள் வந்து அள்ளும் நாள்வரை அந்தத் தண்ணீர் யார் வீட்டின் முன்னால் தேங்கி நிற்கிறது?

தேங்கிய தண்ணீர் என்றால் டிங்கியை மறக்க முடியுமா? 2019ஆம் ஆண்டில் நம் நாட்டில் 1 லட்சத்து 30 ஆயிரத்து 101 பேருக்கு டிங்கிக் காய்ச்சல் கண்டது. 182 பேர் இறந்தார்கள். அதற்கு முன் எந்த ஆண்டிலும் அத்தனை பேர் பாதிக்கப்பட்டதில்லை. அந்த 182 பேரும் யாரோ ஒரு வீட்டின் பிள்ளைகள், யாரோ ஒரு வீட்டின் பெற்றோர்.

டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு நாறும் சாக்கடையைத் தேடுவதில்லை. தெளிந்து நிற்கும் தண்ணீரைத்தான் விரும்பும். பூச்சட்டியின் அடித்தட்டு, பழைய டயர், மூடாத தொட்டி, கூரையோரத் தகரப் பீலி, வேண்டாம் என்று பின்புறம் போட்ட குவளை ஆகியவை போதும். பால் மரத்தில் கவிழ்க்காமல் விட்ட மங்கில் மழைநீர் நின்றாலும் போதும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டிவிட்டால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். வாரத்தில் பத்து நிமிடம் ஒதுக்கித் தேடி அழியுங்கள் என்று சுகாதார அமைச்சு சொல்வதன் காரணமும் அதுவே. இன்னொன்றையும் தாய்மார்கள் கவனிக்க வேண்டும். கொட்டினால் மட்டும் போதாது. பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்க்கவும் வேண்டும். ஒட்டிக்கொண்டிருக்கும் முட்டைகள் தண்ணீர் இல்லாமலே பல மாதம் கிடந்து, அடுத்த மழையில் உயிர் பெறும்.

இந்தக் கொசு அதிக தூரம் பறப்பதில்லை. பெரும்பாலும் இருநூறு மீட்டருக்குள்தான் அதன் உலகம். அப்படியானால் என் பேரப்பிள்ளையைக் கடிக்கும் கொசு எங்கே பிறந்தது? ஒன்று என் வீட்டில், அல்லது என் அண்டை வீட்டில். என் வீட்டில் பிறந்தது யாரைக் கடிக்கும்? அண்டை வீட்டுப் பிள்ளையைத்தான். என் வீடு சுத்தம் என்று நான் மட்டும் சொல்லிக்கொள்வதில் பயனில்லை. தெருவே சேர்ந்து செய்தால்தான் பலன். 1901இல் கிள்ளானில் மலேரியா மக்களை வாரிக்கொண்டு போனபோது, டாக்டர் மால்கம் வாட்சன் மருந்து மட்டும் கொடுத்துக்கொண்டிருக்கவில்லை. சதுப்பு நிலத்தின் தண்ணீரை வடியவைத்து, புதரை வெட்டி, ஊரையே சீர்செய்ய வைத்தார். காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது.

அடுத்தது போகி. பழையதைக் கழிப்பது நல்ல வழக்கம். அந்தக் காலத்தில் எரித்தது கிழிந்த பாய், ஓலை, தேய்ந்த துடைப்பம். இன்று நம் வீட்டுப் பழைய பொருள் எது? பிளாஸ்டிக், ரப்பர், நைலான், பஞ்சு மெத்தை. இவற்றை எரித்தால் எழுவது நச்சுப் புகை. 2018 ஜனவரியில் போகியன்று சென்னையில் புகையும் பனிமூட்டமும் சேர்ந்துகொண்டதில் விமானங்கள் தாமதமாயின. சில வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. நம் நாட்டில் திறந்தவெளியில் குப்பை எரிப்பதைச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் தடை செய்கிறது.

சட்டத்தை விடுங்கள், நியாயத்தைப் பேசுவோம். 1997இலும் 2015இலும் சுமத்ரா, கலிமந்தான் காடுகள் எரிந்த புகை இங்கே வந்து சூழ்ந்தபோது நாம் எத்தனை மனம் புழுங்கினோம்! "அவர்கள் எரிப்பதற்கு நாங்கள் ஏன் மூச்சுத் திணற வேண்டும்?" என்று கேட்டோம். ஆசியான் நாடுகள் 2002இல் கோலாலம்பூரில் கூடி அதற்கென்று ஓர் உடன்பாட்டிலும் கையெழுத்திட்டன. அதே கேள்வியை, நாம் விடியற்காலையில் மெத்தையை எரிக்கும்போது, சுவருக்கு அந்தப் பக்கம் ஆஸ்துமாவோடு படுத்திருக்கும் சீனப் பாட்டியோ மலாய்க் குழந்தையோ கேட்டால் என்ன பதில் சொல்வோம்? பழையதைக் கழிப்போம், நெருப்பில் வேண்டாம். உடுத்தக்கூடியதைக் கொடுப்போம். விற்கக்கூடியதைப் பழைய சாமான் வாங்குபவரிடம் போடுவோம். மெத்தை, அலமாரி போன்றவற்றைத் தெருவில் தள்ளுவதற்கு முன் மாவட்ட மன்றத்தைக் கேட்டு, அவர்கள் சொல்லும் நாளில் சொல்லும் இடத்தில் வைப்போம்.

பெருமக்களே, இந்த அவையில் சொல்லத்தக்க பெரிய சான்று ஒன்று நம் சமயத்திலேயே இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநாவுக்கரசர் பெருமானின் திருவுருவத்தைப் பாருங்கள். தோளில் என்ன இருக்கிறது? வாள் இல்லை, வில் இல்லை. புல் செதுக்கும் உழவாரப்படை. அரசனும் வணங்கிய அருளாளர், ஊர் ஊராகப் போய்க் கோயில் பிராகாரத்தில் முளைத்த புல்லைச் செதுக்கினார். அதைத் தாழ்ந்த வேலை என்று அவர் எண்ணவில்லை. வழிபாடு என்று எண்ணினார். இன்றும் கோயில் துப்புரவை உழவாரப் பணி என்றே அழைக்கிறோம்.

இப்போது காலத்தின் கோலத்தைப் பாருங்கள். 2026 ஜனவரி 1 முதல் பொது இடத்தில் குப்பை போடுகிறவருக்கு நம் நாட்டில் சமூகச் சேவைத் தண்டனை வந்திருக்கிறது. நீதிமன்றம் அபராதத்தோடு 12 மணி நேரம் வரை துப்புரவு போன்ற வேலையைச் செய்யச் சொல்லலாம். அப்பர் பெருமான் விரும்பி ஏற்ற தொண்டு, இன்று குற்றவாளிக்குத் தண்டனை! சட்டத்தை நான் குறை சொல்லவில்லை, தேவைப்பட்டதால்தான் வந்தது. ஆனால் அதே துடைப்பத்தை நாமாக எடுத்தால் தொண்டு, பிறர் சொல்லி எடுத்தால் தண்டனை. எதை வேண்டுவது என்பது நம் கையில் இருக்கிறது.

கோயிலையும் நாம் விலக்கிவைத்துப் பேச முடியாது. திருவிழா முடிந்த மறுநாள் காலை கோயில் வாசலைப் பார்ப்பவர் யார்? எதிர் வரிசைக் கடைக்காரர், பக்கத்து வீட்டுக்காரர். உடைத்த தேங்காய் மூடிகளில் மழைநீர் நிற்கிறது. பந்தலுக்கு அடியில் பிளாஸ்டிக் குவளைகள் உருளுகின்றன. நாதசுரம், அபிஷேகம், அன்னதானம் எல்லாம் சிறப்பாக நடந்திருக்கும். ஆனால் அண்டை வீட்டாருக்கு நம் சமயத்தைப் பற்றிச் சொல்வது அந்த மறுநாள் காலைதான். ஆகவே நன்கொடையாளர்களுக்கு என் பணிவான வேண்டுகோள் ஒன்று. அன்னதான உபயம் ஏற்கிறவர்கள், இலை எடுத்து இடத்தைக் கழுவி முடிக்கும் செலவையும் அந்த உபயத்தில் சேர்த்துக் கொடுங்கள். கடைசி இலை எடுத்து, கால்வாயில் கிடப்பதையும் அள்ளிய பிறகே அந்த அன்னதானம் நிறைவு பெற்றதாகக் கொள்ளுங்கள். இளைஞர்கள் அந்த வேலைக்கு முன்வந்தால், அவர்களுக்கும் ஒரு மாலை போட்டு மரியாதை செய்யுங்கள்.

இனி, செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். பொங்கல் ஜனவரி நடுவில் வருகிறது. சீனப் புத்தாண்டு அதை அடுத்து ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வருகிறது. அவர்களும் புத்தாண்டுக்கு முன் வீட்டை அலசிவிடுவார்கள். முதல் நாளில் துடைப்பத்தைத் தொடமாட்டார்கள். ஆக, இரு வீட்டிலும் துடைப்பம் ஏறக்குறைய ஒரே வேளையில் எழுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையைத் தேர்ந்தெடுத்து, மலாய் அன்பர்களையும் அழைத்து, தெருவே சேர்ந்து கோத்தோங் ரோயோங் செய்யலாமே! 1975இல் தோன்றிய ருக்குன் தெத்தாங்கா இயக்கமும் அண்டை வீட்டாரை ஒன்று சேர்க்கிறது. நம் தெருவில் அது இருந்தால் அவர்களோடு சேருங்கள். இல்லையென்றால் நான்கு வீடு போதும், தொடங்குங்கள்.

தனியாக இருக்கும் முதியவர் வீட்டை முதலில் கவனியுங்கள். அவர் வீட்டுப் பீலியில் சருகு அடைத்திருந்தால் ஏணி வைத்து ஏற அவரால் முடியாது. பூட்டிக் கிடக்கும் வீடு இருந்தால், உரிமையாளருக்குச் சொல்லியனுப்புங்கள். பயனில்லையென்றால் மாவட்ட மன்றத்துக்குத் தெரிவியுங்கள்.

பக்கத்து வீட்டில் தண்ணீர் தேங்கியிருந்தால் எப்படிச் சொல்வது என்று கேட்பீர்கள். கோபத்தோடு போகாதீர்கள். நாலு பேரைக் கூட்டிக்கொண்டும் போகாதீர்கள். தெருவில் நின்று சத்தம் போட்டுச் சொல்லாதீர்கள். உங்கள் வீட்டை முதலில் சுத்தம் செய்துவிட்டு, ஒரு மாலை நேரத்தில் தனியாகப் போங்கள். "அண்ணே, இந்தத் தொட்டியைக் கவிழ்த்து வைக்கலாமா? நானும் ஒரு கை பிடிக்கிறேன்" என்று கேட்டுப் பாருங்கள். குற்றம் சொன்னால் கதவு மூடும். கை கொடுத்தால் கதவு திறக்கும். பொங்கலன்று ஒரு கிண்ணம் பொங்கலைக் கொண்டுபோய்க் கொடுத்துப் பழகிய வீடென்றால், இதைச் சொல்வது இன்னும் சுலபம்.

கோபுரத்துக்கு வர்ணம் பூசுவது திருப்பணி. கோயில் வாசலிலும் நம் வாசலிலும் ஓடும் கால்வாயில் அடைத்துக்கொண்டிருக்கும் குப்பையை அள்ளுவதும் திருப்பணியே. முன்னதற்குப் பணம் வேண்டும். பின்னதற்கு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையும், குனிய மறுக்காத முதுகும் போதும். பணம் தந்தவர்கள் இந்த மன்றத்தில் நிறைய இருக்கிறீர்கள். அந்தக் காலைப் பொழுதையும் தாருங்கள் என்று கேட்டு விடைபெறுகிறேன்.