சிறைக்கோட்ட வாயிலில்



‘கற்ற இலக்கியம் கைகொடுத்த பொழுது’ என்னும் பொருளில் பேசுமாறு பணித்தீர்கள். ஆய்வுரை ஒன்று நிகழ்த்தவே முதலில் எண்ணினேன். ஆயினும், சென்ற ஆண்டு முதன்முறையாக ஒரு மத்தியச் சிறைக்கு ஒருவனைக் காணச் சென்றதையும், அதற்கு முந்திய இரவில் நான் செய்த ஆயத்தங்களையும் சொல்வதே இத்தலைப்புக்கு நேர்மையான விடையாகும் எனப் படுகின்றது.

என்னிடம் மூன்றாண்டு தமிழ் பயின்ற மாணவன் அவன். வழக்கொன்றில் விசாரணைக் கைதியாகி உள்ளே இருந்தான். அவன் தாய் ஒரு மாலை என் வீட்டுக்கு வந்தார். ‘நாளைக்கு மனுப் பாக்கப் போறேம்மா. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கூட வர்றீங்களா?’ என்றார்.

சிறையில் இருப்பவரைச் சென்று காண்பதற்கு நம் மக்கள் வழங்கும் பெயர் அது. மனுக் கொடுத்தால்தான் மகனைக் காணலாம். ஆகவே காண்பதற்கே மனு என்பது பெயராயிற்று. ஆகுபெயருக்கு இத்துணைத் துயரமான எடுத்துக்காட்டை நான் வகுப்பில் ஒருநாளும் சொன்னதில்லை.

‘வருகின்றேன்’ என்றேன். செய்தியறிந்த நண்பர் ஒருவர், ‘உங்கள் பெயர் அந்தப் பதிவேட்டில் ஏறலாமா?’ என வினவினார். அந்த அச்சம் எனக்கும் இருந்தது; இந்த அவையில் அதனை மறைக்க விரும்பவில்லை.

வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டேன். அடையாள அட்டை வேண்டும். கைப்பேசி உள்ளே கூடாது. கொடுக்கத்தக்க பொருள் எது என்பதை வாயிலில் கேட்டறிந்த பின்னரே வாங்க வேண்டும். சோதனையிடுவார்களோ என்று தயங்கிக் கேட்டேன். ஐயம் எழுந்தால் பார்வையாளரைச் சோதிக்க 1894-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு இடந்தருகின்றது என்றும், கைதியின் முன்போ வேறொரு பார்வையாளரின் முன்போ அச்சோதனை நிகழலாகாது என்று அப்பிரிவே வரம்பு கட்டுகின்றது என்றும் விளக்கினார். குடும்பத்தாரையும் நண்பரையும் காண்பது கைதியின் வாழ்வுரிமையுள் அடங்கும் என 1981-இல் பிரான்சிஸ் கோராலி முல்லின் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியதையும் எடுத்துரைத்தார். இரக்கங்காட்டச் செல்கின்றோம் என்னும் என் பெருமிதம் அப்போதே பாதி கரைந்தது. நாங்கள் கொண்டுசெல்வது அவனுக்கு உரியதையே.

பின்னர், பேச வேண்டியவற்றை எழுத அமர்ந்தேன். ஏன் இப்படிச் செய்தாய்? யாருடன் சேர்ந்தாய்? நான் கற்பித்ததெல்லாம் என்னாயிற்று? பன்னிரண்டு வினாக்கள் எழுந்தன. வினாத்தாள் அமைப்பதில் நமக்குப் பயிற்சி உண்டல்லவா?

மறுவாரப் பாடத்திற்காக மேசைமேல் மணிமேகலை இருந்தது. பத்தொன்பதாம் காதை, சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை. காயசண்டிகை வடிவில் அமுதசுரபியை ஏந்தி மணிமேகலை சிறைக்குள் செல்கின்றாள். பசித்தோர்க்கு உணவளிக்கின்றாள். நீ செய்த குற்றம் யாது என அவள் ஒருவரையேனும் கேட்டதாகச் சாத்தனார் பாடவில்லை. பலமுறை நடத்திய பாடந்தான். அவள் கேளாது விட்டதை அன்றிரவுதான் கண்டேன்.

கணைக்கால் இரும்பொறையும் நினைவில் வந்தான். குடவாயிற்கோட்டத்துச் சிறையில் அவன் கேட்டபோது நீர் கிடைக்கவில்லை. பின்னர்க் கிடைத்த நீரை அவன் பருகவில்லை. மானம் அழியக் கொடுத்தால் தண்ணீரும் தண்ணீராவதில்லை. என் பன்னிரண்டு வினாக்களும் அத்தகைய நீரே என உணர்ந்து அவற்றை அடித்தேன். சாப்பிடுகிறாயா, உறங்குகிறாயா, அடுத்தமுறை என்ன கொண்டுவரட்டும் என்னும் மூன்றை மட்டும் எழுதிக்கொண்டேன்.

எஞ்சியது மனு. தாயின் பெயருக்கு எதிரே ‘தாய்’ என எழுதினேன். என் பெயருக்கு எதிரே ‘முன்னாள் ஆசிரியர்’ என்று எழுதினேன். பொய்யன்று, அவன் படிப்பை முடித்துச் சென்றுவிட்டான். ஆனால் ‘முன்னாள்’ என்னும் அடை உண்மையைக் கூற வரவில்லை, என்னைக் காக்க வந்தது. நெடுநேரம் அதனைப் பார்த்திருந்துவிட்டு, வேறு தாளில் ‘ஆசிரியர்’ என்று மட்டும் எழுதினேன்.

மறுநாள் கம்பி வலைக்கு அப்பால் அவன் வந்து நின்றான். ‘அம்மா’ என்றான். என் மாணவர்கள் என்னையும் அவ்வாறே அழைப்பர். ஆகவே நாங்கள் இருவரும் ஒருசேர ‘என்னப்பா’ என்றோம். சுற்றிலும் பிறர் உரத்துப் பேசிய ஒலியில் நான் எழுதிச் சென்ற மூன்றில் ஒன்றே அவன் செவியை எட்டியது. அவன் தாயோ வீட்டுப் பசு கன்று ஈன்றதைச் சொன்னார். ‘காளையா, கிடாரியா?’ என்று அவன் கேட்டான். அன்று அவன் முகம் மலர்ந்தது அந்த ஒரு கணந்தான். எனக்குத் தோன்றாத சொல் அந்தத் தாய்க்குத் தோன்றியது.

கவிஞர் பெருமக்களே, சிறை என்னும் சொல்லை நாம் உவமையாகப் பலமுறை ஆண்டிருக்கின்றோம். அதன் வாயிலில் விடியலிலேயே வந்து, யாரேனும் எழுதித் தருவார்களா என்று முகம் முகமாகப் பார்த்து நிற்போரை அன்று கண்டேன். எழுதத் தெரிந்த நாம் இவ்வளவு பேர் இருக்கின்றோம். நம் வட்டத்தின் பதினோராம் ஆண்டில், மாதம் ஒருநாள் நம்முள் இருவர் ஒரு பேனாவுடன் அங்கே சென்று நிற்கலாகாதா? இவ்வேண்டுகோளைச் செயற்குழுவின் முன் வைக்கின்றேன்.