நாதஸ்வரக்காரர் பெயர் என்ன?

(சங்கத்தின் மார்கழிக் கூட்டத்தில் பேசியது. வர முடியாத குடியிருப்போருக்காக எழுத்து வடிவில்.)

இசையைப் பற்றிச் சொல்ல அச்சு நல்லதா, நேரில் பேசுவது நல்லதா, இணையதளம் நல்லதா என்று பேசச் சொன்னார் செயலாளர். நான் வித்வான் இல்லை. பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறி மாம்பலத்தில் இறங்கி, பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வருகிற ஆள். அந்த அளவில்தான் பேச முடியும்.

முதலில் அச்சு. 1930-களில் ஆனந்த விகடனில் கல்கி 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் 'ஆடல் பாடல்' பகுதி எழுதினார். சபா வாசலையே மிதிக்காதவர்களும் அதைப் படித்தார்கள். ரசிகனாக உட்கார்ந்து, நன்றாக இருந்ததா, அலுப்புத் தட்டியதா என்று நகைச்சுவையோடு சொன்னார். பின்னால் வந்த சுப்புடு இன்னும் காரம். அவரே ஆர்மோனியம் வாசிப்பவர், அதனால் அடி சரியான இடத்தில் விழும். அச்சில் வந்துவிட்டால் அழிக்க முடியாது. திட்டு வாங்கிய வித்வானுக்கும் அது நிற்கும், தப்பாக எழுதிய விமர்சகருக்கும் அது நிற்கும். எழுதுபவர் பேனாவைத் திறக்குமுன் ஒரு நிமிடம் யோசிப்பார்.

ஆனால் அச்சுக்குக் காது கிடையாது. மியூசிக் அகாடமியில் டிசம்பர் காலைகளில் நடக்கும் சொல்விளக்க நிகழ்ச்சிக்குப் போய்ப் பாருங்கள். ஒருவர் ஒரு ராகத்தின் காந்தாரம் இப்படித்தான் அசைய வேண்டும் என்பார், பாடிக் காட்டுவார். முன்வரிசையில் ஒருவர் எழுந்து, எங்கள் குருநாதர் வழியில் வேறு மாதிரி என்று தானும் பாடுவார். உங்களுக்கும் எனக்கும் அந்த நொடியில் வித்தியாசம் புரிந்துவிடும். அகாடமி 1930 முதல் ஆய்விதழ் வெளியிடுகிறது, ராக லட்சணம் பற்றிய பழைய விவாதங்கள் அதில் பதிவாகியிருக்கின்றன. அருமையான வேலை. இருந்தாலும் காகிதம் 'பாடிக் காட்டினார்' என்று மட்டும்தான் சொல்லும். என்ன பாடினார் என்பது அந்த அறையோடு போயிற்று.

பேச்சு என்றால் மேடைப் பேச்சு மட்டுமில்லை. சபா கேண்டீனில் போண்டாவுக்கு வரிசையில் நிற்கும்போது கேட்கிற விமர்சனம் எந்தப் பத்திரிகையிலும் வராது. பெரும்பாலும் அதுதான் சரியாகவும் இருக்கும்!

இணையதளம் இரண்டையும் சேர்த்துத் தரும். எழுத்துக்குக் கீழேயே ஒலித்துண்டு வைக்கலாம், பக்கக் கணக்கு கிடையாது. சஞ்சய் சுப்ரமண்யனும் வரலாற்றாளர் வி. ஸ்ரீராமும் சேர்ந்து 'சங்கீதம் டாட் காம்' என்று ஒரு தளம் தொடங்கினார்கள். கர்நாடக இசைக்காரர்களே எழுதவும் நடத்தவும் செய்த தளம். இப்போது அது இல்லை. கல்கி எழுதிய விகடன் இதழ்களைத் தேடினால் நூலகத்தில் கிடைக்கும். எண்பது தொண்ணூறு வருடத்துக் காகிதம் இருக்கிறது, நம் பிள்ளைகள் வளர்ந்த காலத்துத் தளம் இல்லை.

இன்னொரு விஷயம், என் அசட்டுத்தனம். போன இதழில் ஒரு கச்சேரி பற்றி எழுதும்போது, பூர்விகல்யாணியைப் பந்துவராளி என்று போட்டுவிட்டேன். மூன்றாவது தெரு மாமி ஒருவர் காலையிலேயே போன் செய்து பிடித்தார். பத்து நிமிடத்தில் திருத்தியாயிற்று, தப்பு நடந்த சுவடே இல்லை. எனக்கு நிம்மதிதான். ஆனால் அதற்குள் படம் பிடித்து அனுப்பியவர்கள் போனில் இன்னும் பந்துவராளிதான் இருக்கிறது. இனி திருத்தினால், திருத்தியது என்று அடியில் எழுதிவிடுகிறேன்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். நம் அனகாபுத்தூர் நெசவைப் பற்றி, வாழைநார்ப் புடவையைப் பற்றி, பத்திரிகைக்காரர்கள் வந்து எழுதுகிறார்கள். சந்தோஷம். நம் பக்கத்துக் கோயில்களில் வாசிக்கும் இசையைப் பற்றி எழுத மயிலாப்பூரிலிருந்து யாரும் வரப்போவதில்லை.

இந்த வருடம் ஒரு கோயில் உற்சவம். எந்தக் கோயில் என்று சொல்லவில்லை, நடத்தியவர்கள் நல்லவர்கள். இரவு புறப்பாடு முடிந்து சுவாமி திரும்பும்போது, நாதஸ்வரக்காரர் தோடி எடுத்தார். சுமார் அரை மணி நேரம். தெருமுனையில் இட்லிக்கடைக்காரர் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து நின்றார். மார்கழியில் டிக்கெட் வாங்கிக் கேட்ட எந்தத் தோடிக்கும் அது குறைச்சல் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

மறுநாள் வாட்ஸ்அப் குழுவில் பதினொரு வீடியோ வந்தது. எல்லாம் அலங்காரம். நாதஸ்வரம் பின்னால் எங்கோ கேட்கிறது, மேலே யாரோ "சுண்டல் எங்கே" என்கிறார். சரி, பெயராவது பார்க்கலாம் என்று நோட்டீசை எடுத்தேன். ஒலி, ஒளி அமைத்தவர் பெயர் கைபேசி எண்ணோடு இருக்கிறது. பூ அலங்காரம் செய்தவர் பெயர் இருக்கிறது. அந்த மனிதருக்கு 'மங்கள இசை' என்ற இரண்டு சொல்தான். பக்கத்தில் நின்று கேட்ட நானும் பெயரைக் கேட்டு வைக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆகவே ஒரு வேண்டுகோள். நம் பகுதியில் எங்கே கச்சேரி, பஜனை, புறப்பாடு நடந்தாலும் போகிறவர் நான்கு விவரம் எழுதி அனுப்புங்கள்: வாசித்தவர் பெயர், ஊர், உடன் வாசித்தவர்கள், என்ன வாசித்தார்கள். ராகம் தெரியாவிட்டால் பரவாயில்லை, மாமி இருக்கிறார். ஒலிப்பதிவு செய்வதானால் அவரிடம் அனுமதி கேட்டு, பக்கத்தில் போய் நின்று செய்யுங்கள். எல்லாம் இந்த இணைய இதழில் வரும். ஒவ்வொரு இதழிலும் இரண்டு பிரதி அச்செடுத்துச் சங்க அலுவலக பீரோவில் வைக்கச் செயலாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஜெராக்ஸ் செலவு என்னுடையது.

அந்தத் தோடிக்காரர் செங்கல்பட்டுப் பக்கம் என்று தவில்காரர் சொன்னதாக ஒருவர் சொன்னார். உங்களில் யாருக்காவது தெரிந்தால், அலுவலகத்தில் மாலை ஆறு மணிக்குமேல் இருப்பேன், வந்து சொல்லுங்கள்.