மார்கழி மேடையில் தமிழ்



மார்கழி தோறும் ஓதப்பெறும் திருப்பாவை, இம்மாவட்டத்துத் திருவில்லிபுத்தூரில் பிறந்தது. அம்மாதமே சென்னையின் இசைவிழாக் காலம். ஆயினும் முன்னாளில் கச்சேரிகளில் தெலுங்குக் கீர்த்தனைகளே நடுவிடம் பெற்றன. தமிழ்ப்பாட்டோ இறுதியில் பாடும் துக்கடாவாக ஒதுங்கியது.

இக்குறை தீர, 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றி, ஆண்டுதோறும் இசைவிழா எடுத்தது. 'இசைக்கு மொழி ஏது?' என்றோர்க்கு அவ்விழா மேடையே விடையாயிற்று. அரியக்குடி இராமானுச ஐயங்கார் இசையமைத்த திருப்பாவை இன்றும் மார்கழிக் கச்சேரிகளில் ஒலிக்கின்றது.

மேடை கிடைத்துவிட்டது, இனிப் புதிய பாட்டு வேண்டும். சிவகாசியில் பட்டாசுக்கு மருந்து செலுத்தும் கைகளின் பாடும் ஒருநாள் அங்கே பாட்டாக ஒலிக்கவேண்டுமாயின், அதனை எழுதித் தருதல் இவ்வட்டாரக் கவிஞர்தம் கடனாகும்.