தூண்டிவிட்டது யார்?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், அமெரிக்க சர்க்கார் தன் சொந்தப் பிரஜைகளாகிய கருப்பு மக்களை எப்படி வேவு பார்த்தது, எதற்காகப் பார்த்தது, அதனால் கண்ட பலன் என்ன என்பதாகும். அமெரிக்கா எங்கேயோ இருக்கிறது, அதைப்பற்றி நமக்கென்ன என்று சிலர் நினைக்கலாம். ஆனால், தாழ்த்தி வைக்கப்பட்டவன் ஒருவன் நிமிர்ந்து நின்று "இது ஏன்?" என்று கேட்டால், மேலே உட்கார்ந்திருப்பவன் திருப்பிக் கேட்கும் கேள்வி எந்தத் தேசத்திலும் ஒன்றுதான். "உன்னைத் தூண்டிவிட்டது யார்?" என்பதே அந்தக் கேள்வி. கீழே இருப்பவனுக்கும் சுயபுத்தி உண்டு, அவனுக்கும் அடித்தால் வலிக்கும் என்று ஒப்புக்கொள்ள மனமில்லாததால்தான் அந்தக் கேள்வி பிறக்கிறது.

1955 டிசம்பர் 1ந் தேதி, மான்ட்காமரி என்னும் ஊரில், தையல் வேலை செய்து பிழைத்து வந்த ரோசா பார்க்ஸ் என்கிற அம்மையார், பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம் விட்டு எழுந்திருக்க மறுத்தார். போலீசார் அவரைக் கைது செய்தார்கள். அதன்மேல் அந்த ஊர்க் கருப்பு மக்கள் 381 நாட்கள் பஸ்ஸில் ஏற மறுத்தார்கள். சமையல்காரிகளும், கூலிக்காரர்களும், கிழவிகளும் மைல் கணக்கில் நடந்தே வேலைக்குப் போனார்கள். 1956 கடைசியில் பஸ்ஸில் இருந்த பேதம் ஒழிந்தது. ஒரு வருஷத்திற்கு மேல் கால் தேய நடக்கும்படி ஒரு ஊரையே தூண்டிவிட எவனால் முடியும்? பட்ட அவமானம் ஒன்றைத் தவிர வேறு எதனாலும் முடியாது.

ஆனால் சர்க்கார் அப்படி நினைக்கவில்லை. எப்.பி.ஐ. என்னும் மத்தியத் துப்பறியும் இலாகாவுக்கு அப்போது எட்கார் ஹூவர் என்பவர் தலைவர். 1924 முதல் 1972ல் சாகும்வரை 48 வருஷம் அந்த நாற்காலியில் இருந்தவர். பிரசிடெண்டுகள் வந்தார்கள், போனார்கள். இவர் மாத்திரம் போகவில்லை. கருப்பு மக்களின் கிளர்ச்சிக்குப் பின்னால் கம்யூனிஸ்டுகள்தான் இருக்க வேண்டும் என்பது இவர் எண்ணம்.

1963 ஆகஸ்டு 28ந் தேதி வாஷிங்டனில் சுமார் இரண்டரை லட்சம் பேர் கூடினார்கள். ஒரு கல் வீசப்படவில்லை. மார்ட்டின் லூதர் கிங் பேசினார். இரண்டு நாள் கழித்து, இலாகாவின் பெரிய அதிகாரி ஒருவர், தேசத்தின் எதிர்காலத்திற்கு இவரே மிகவும் அபாயகரமான கருப்பர் என்று குறிப்பு எழுதினார். அக்டோபரில், சர்க்காரின் தலைமை வக்கீலாயிருந்த ராபர்ட் கென்னடியின் அனுமதியோடு கிங்கின் டெலிபோன் ஒட்டுக்கேட்கப்பட்டது. அவர் தங்கிய ஓட்டல் அறைகளிலும் ஒலிவாங்கிகள் ஒளித்து வைக்கப்பட்டன. கம்யூனிஸ்டு சதி எதுவும் அதில் அகப்படவில்லை. ஆகவே அந்தரங்க வாழ்க்கையைப் பதிவு செய்தார்கள். 1964 நவம்பரில், அவர் நோபல் சமாதானப் பரிசு வாங்கப் புறப்படும் சமயத்தில், அந்தப் பதிவு நாடாவையும் ஒரு மொட்டைக் கடிதத்தையும் அவருக்கு அனுப்பினார்கள். "உனக்கு ஒரே வழிதான் உண்டு" என்கிற கருத்தில் எழுதப்பட்டிருந்த அக்கடிதம் தம்மைத் தற்கொலைக்குத் தூண்டுவதாகவே கிங் எடுத்துக்கொண்டார்.

தோழர்களே! தூண்டிவிட்டவனைத் தேடிப் புறப்பட்ட சர்க்கார், கடைசியில் தானே தூண்டிவிடுகிற வேலையில் இறங்கியதைப் பாருங்கள்.

இதே ஒலிவாங்கியைப் பற்றி இன்னொரு சங்கதியும் சொல்ல வேண்டும். 1963 செப்டம்பர் 15ந் தேதி பர்மிங்காம் நகரத்தில், கருப்பு மக்களின் மாதா கோவிலில் வெள்ளை வெறியர்கள் வெடிகுண்டு வைத்தார்கள். நான்கு சிறுமிகள் செத்தார்கள். குற்றவாளிகளில் ஒருவன் தன் வீட்டில் பேசியதை 1964லேயே இலாகா இரகசியமாகப் பதிவு செய்து வைத்திருந்தது. ஆனால் 1968ல் வழக்கே போடாமல் கட்டை மூடிவிட்டார்கள். 1977ல்தான் ஒருவன் தண்டிக்கப்பட்டான். அந்தப் பதிவு கோர்ட்டில் ஒலித்தது 2001ல்! குழந்தைகளைக் கொன்றவன் பேச்சு 37 வருஷம் பீரோவில் தூங்கிற்று. சமாதானம் பேசியவர் படுக்கையறைச் சத்தமோ உடனே தபாலில் ஏறிற்று. வேவு பார்ப்பது குற்றத்தைத் தடுக்கத்தான் என்று சொல்லுகிறவர்கள் இதற்கு என்ன பதில் சொல்லுவார்கள்?

இனி நகரங்களில் நடந்த கலகங்களுக்கு வருவோம். 1965ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் வாட்ஸ் பகுதியில் 34 பேரும், 1967 ஜூலையில் நெவார்க்கில் 26 பேரும், அதே மாதம் டெட்ராயிட்டில் 43 பேரும் செத்தார்கள். டெட்ராயிட்டில் ஆரம்பம் என்ன? லைசென்சு இல்லாத மதுக்கடை ஒன்றில் போலீசார் விடியற்காலம் புகுந்து, உள்ளே இருந்தவர்களையெல்லாம் பிடித்ததுதான். பிரசிடெண்டு ஜான்சன் ஒரு கமிஷன் நியமித்தார். கெர்னர் என்னும் கவர்னர் அதற்குத் தலைவர். ஒரு நகரத்தின் போலீசுத் தலைவரும் அதில் மெம்பர். ஆகவே இதைக் கிளர்ச்சிக்காரர் கமிஷன் என்று எவரும் சொல்ல முடியாது. 1967ல் நடந்த கலகங்களுக்கு எந்தச் சதியும் காரணமல்ல என்று 1968ல் அக்கமிஷன் எழுதிற்று. மக்களின் குறைகளில் முதல் வரிசையில் போலீசாரின் நடத்தை, வேலையின்மை, குடியிருக்க லாயக்கற்ற வீடுகள் ஆகிய மூன்றையும் வைத்தது. தேசம் கருப்பு, வெள்ளை என்று சமத்துவமில்லாத இரண்டு சமுதாயங்களாகப் பிரிந்துகொண்டிருக்கிறது என்றும் எச்சரித்தது.

சர்க்கார் தானே நியமித்த வைத்தியன் நோயைச் சொல்லிவிட்டான். மருந்து வாங்கினார்களா? வீடு கட்டவும் வேலை கொடுக்கவும் கமிஷன் கேட்ட அளவுக்குப் பணம் வரவில்லை. ஒற்றர்கள் மாத்திரம் தாராளமாக வந்தார்கள். 1967 அக்டோபரில் சேரிகளில் ஒற்றர் வைக்கும் திட்டம் ஆரம்பமாயிற்று. 1972க்குள் 7,000 பேருக்கு மேல் சேர்ந்தார்கள். சவரக்கடைக்காரர், மிட்டாய்க் கடைக்காரர் போன்றவர்கள்கூட அதில் காதுகளாக உபயோகப்பட்டார்கள். பட்டாளமும் சும்மா இருக்கவில்லை. ஏறக்குறைய ஆயிரம் சிப்பாய்கள் சாதாரண உடையில் சாத்வீகக் கூட்டங்களில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்கள் என்பதை, பட்டாளத்தின் உளவுப் பிரிவில் இருந்த கிறிஸ்டபர் பைல் என்பவர் 1970ல் பத்திரிகையில் எழுதி வெளிப்படுத்தினார்.

1968 மார்ச்சில் ஹூவரின் இலாகா ஓர் உத்தரவு போட்டது. கருப்பு மக்களை ஒன்றுசேர்க்கக்கூடிய ஓர் "இரட்சகர்" தோன்றாமல் தடுக்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி. பார்த்தீர்களா இவர்கள் அறிவை! அவதாரம் வந்தால்தான் அதர்மம் ஒழியும் என்று புராணம் படிக்கிறவன் நம்புகிறான். அவதாரத்தைத் தடுத்துவிட்டால் அதர்மத்தை நிரந்தரமாக நடத்தலாம் என்று சர்க்கார் நம்பிற்று. இருவருக்கும் மூடநம்பிக்கை ஒன்றே.

அடுத்த மாதம் 4ந் தேதி, மெம்பிசு நகரத்தில் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். குப்பை வாரும் தொழிலாளிகள் 1,300 பேர் செய்த வேலைநிறுத்தத்திற்கு உதவி செய்யப் போனவர் அவர். இலாகாதான் சுட்டது என்று நாம் சொல்ல வரவில்லை. நாம் சொல்வதெல்லாம் இதுதான்: எதிரே இருந்த தீயணைப்பு நிலையத்திலிருந்து போலீசார் அவரைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். விழுந்தவரிடம் முதலில் ஓடிவந்தவர்களில் ஒருவரும் மாறுவேடப் போலீசுக்காரர்தான். இத்தனை கண்கள் அவரைப் பார்த்தன. ஒரு கண்ணும் அவரைக் காப்பாற்றவில்லை.

சிகாகோவில் 1969 ஜனவரியில், கருஞ்சிறுத்தைக் கட்சியார் உன்னைக் கொல்லப் போகிறார்கள் என்று, ஆயுதம் வைத்திருந்த வேறொரு கூட்டத்தின் தலைவனுக்கு இலாகா மொட்டைக் கடிதம் போட்டது. அதே வருஷம் டிசம்பர் 4ந் தேதி விடியுமுன், அக்கட்சியின் 21 வயதுத் தலைவர் பிரெட் ஹாம்ப்டனை அவர் வீட்டில் புகுந்து போலீசார் சுட்டுக் கொன்றார்கள். அந்த வீட்டின் வரைபடத்தைக் கொடுத்தவன் கட்சிக்குள்ளேயே இருந்த ஒற்றன். 1982ல் மத்திய சர்க்காரும், ஜில்லாவும், நகரமும் சேர்ந்து பதினெட்டரை லட்சம் டாலர் நஷ்டஈடு கொடுக்க ஒப்புக்கொண்டன.

இவ்வளவும் எப்படி வெளிவந்தன? 1971 மார்ச்சு 8ந் தேதி இரவு, மீடியா என்னும் சிற்றூரில் இருந்த இலாகா ஆபீசில் எட்டுப் பேர் புகுந்து கட்டுக்களை எடுத்துப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார்கள். ஒரு பௌதிகப் பேராசிரியரும், ஒரு டாக்ஸி ஓட்டுகிறவரும் அவர்களில் உண்டு. அந்தக் காகிதங்களில் ஒன்று, ஒவ்வொரு தபால் பெட்டிக்குப் பின்னாலும் நம் ஆள் ஒருவன் நிற்கிறான் என்று மக்கள் நினைக்கும்படி செய்ய வேண்டும் என்றது. பிறகு 1975, 1976ல் செனட் சபைக் கமிட்டி விசாரித்து இலாகாவின் அக்கிரமங்களை அச்சிட்டே வெளியிட்டது.

தோழர்களே! தபால் பெட்டிக்குப் பின்னால் நிற்கும் ஆள் யார்? நம் பாட்டிமார் சொன்ன சித்திரகுப்தன்தான். நீ செய்வதையெல்லாம் ஒருவன் எழுதுகிறான் என்று சொல்லி நம்மைப் பயமுறுத்தி வைத்தார்கள். அவன் கணக்கில் எசமானன் பாவம் ஏறினதாக நாம் கேள்விப்பட்டதில்லை. பயம் என்பது எழுதுகிறவன் பலத்தில் இல்லை. நம்புகிறவன் மனத்தில்தான் இருக்கிறது.

கடைக்குத் தீ வைப்பவனைச் சர்க்கார் தேடக்கூடாதா என்று கேட்கலாம். தாராளமாகத் தேடட்டும். குற்றம் செய்தவனைக் கண்டுபிடித்து, கோர்ட்டில் நிறுத்தி, பகிரங்கமாக விசாரிக்கட்டும். வெள்ளை வெறியர் சங்கத்தின்மேலும் இலாகா 1964 முதல் வேலை செய்தது உண்மையே. ஆனால் குற்றத்தைத் தேடுவது வேறு, கருத்தைத் தேடுவது வேறு. முன்னதற்குச் சட்டமும் எல்லையும் உண்டு. பின்னதற்கு எல்லை கிடையாது. இன்று கிங்கின் பிறந்த நாளுக்கு அமெரிக்க சர்க்கார் விடுமுறை விடுகிறது. அவரைப் பற்றிச் சேர்த்த கட்டுக்களால் அவருடைய ஒரு கோரிக்கையாவது பொய்யாயிற்றா?

ஆகவே நாம் கேட்டுக்கொள்வது இரண்டே. முதலாவது, வேவுக்குப் பயந்து ஒருவரையொருவர் சந்தேகிக்காதீர்கள். கூட்டத்தைக் கலைக்க ஒற்றனைவிடச் சந்தேகமே போதும். இரண்டாவது, எதைச் சொன்னாலும் பலர் அறியச் சொல்லுங்கள். இந்தக் கூட்டத்திலும் யாராவது குறிப்பெடுத்துக்கொண்டிருந்தால், அவர் தம் மேலதிகாரிக்கு இதையும் எழுதி அனுப்பட்டும்: தூண்டிவிட்டவன் பெயர் அநீதி, விலாசம், அது நடக்கும் இடம்.